துருசுத் திறப்பு ஆரிட்டை, மருமோன்?

மருமோன், நீர் மாகாண சபைக்கு நிக்கப் போறீர் எண்ட கதை கனகாம்பிகை அம்மன் கோயிலடி வரைக்கும் வந்திட்டுது. உம்மடை மாமிக்குத்தான் பெரிய யோசினை. "அந்தப் பொடியன் கணக்குப் படிப்பிச்சுக்கொண்டு, மாசம் முடியச் சம்பளம் எடுத்துக்கொண்டு, தன்ரை பாட்டிலை இருந்தவன். ஆர் என்ன மருந்து போட்டது?" எண்டு கேக்கிறா. மருந்து ஒண்டும் இல்லை, பரிசளிப்பு விழாவிலை ரெண்டு தரம் மைக்கைக் கையிலை குடுத்துப்போட்டினம், அதின்ரை வேலை எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

நான் மறிக்கேல்லை. மறிச்சால் நாளைக்கு நீர் வெண்டு வரேக்கை என்ரை வளவடியை விட்டுட்டு மிச்ச றோட்டெல்லாம் போடுவீர். அம்மான் எண்ட முறைக்கு நாலு சொல்லுச் சொல்லி வைப்பம். கேட்டாலும் சரி, கேளாட்டிலும் சரி. வாத்தியார் ஒருத்தர் மற்றவன் சொல்லிக் கேட்டதாய் இந்தக் கிளிநொச்சியிலை சரித்திரம் கிடையாது.

முதலிலை ஒண்டு கேக்கிறன். எந்தச் சபைக்கு நிக்கப் போறீர்?

வட மாகாண சபையின்ரை ஆயுள் 2018 ஒக்ரோபரிலை முடிஞ்சது. சபை இருந்த கைதடியிலை இருந்து வீட்டை போன உறுப்பினர்மார் போனவைதான். பேந்து தேர்தலே இல்லை. ஏன் இல்லையெண்டு கேட்டால் அது ஒரு நல்ல கணக்கு, நீர் ஒன்பதாம் ஆண்டுக்குக் குடுக்கலாம். 2017 இலை பாராளுமன்றத்திலை சட்டத்தை மாத்தினவை, தொகுதியும் விகிதமும் கலந்த புது முறையிலை வைப்பம் எண்டு. அதுக்கு எல்லை பிரிக்க ஒரு குழு. குழுவும் அறிக்கை எழுதிக் குடுத்தது. 2018 ஓகஸ்டிலை அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராய் 139 வாக்கு, ஆதரவாய் ஒண்டும் இல்லை. அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரும் எதிராய்த்தான் போட்டவர். உம்மடை வகுப்பிலை ஒரு பொடியன் தான் எழுதின விடையைத் தானே வெட்டிப்போட்டு "பிழை சேர்" எண்டு பல்லைக் காட்டினால் நீர் அவனை வாங்கிலை ஏத்தி நிப்பாட்டுவீர். அங்கை எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போட்டினம். பழைய முறையை எடுத்துப்போட்டாச்சு, புது முறைக்கு எல்லை இல்லை. தேர்தல் நடுவிலை நிக்குது.

ஆனபடியால் நீர் நிக்கப் போறது இல்லாத சபைக்கு. அதிலை ஒரு வசதியும் இருக்கு, தோக்க மாட்டீர். "மாகாண சபை வேட்பாளர்" எண்டு இப்பவே ஒரு காட் அடிச்சு வைச்சீரெண்டால் பென்சன் எடுக்கும்வரைக்கும் பாவிக்கலாம்.

உம்மை மட்டும் பிழை சொல்ல ஏலாது. இந்த மண்ணுக்கே உந்தப் பழக்கம் கிடக்கு. வேறை ஊர்க்காரர் வக்கீல்மாரைத் தேடிப் பிடிச்சுப் பாராளுமன்றம் அனுப்புவினம். நாங்கள் வாத்தியாரைக் கண்டால் விடமாட்டம். 1965 இலை கிளிநொச்சித் தொகுதியிலை வெண்டவர் பண்டிதர் கா. பொ. இரத்தினம், தமிழரசுக் கட்சி. திருக்குறளைப் பரப்ப வேணுமெண்டு தமிழ்மறைக் கழகம் நடத்தின மனிசன். எனக்கு அப்ப மீசை அரும்பின வயது. பண்டிதர் எண்டால் அந்தக் காலத்திலை கையைக் கட்டிக்கொண்டுதான் முன்னுக்கு நிக்கிறது, வோட்டுக் கேட்டு அவர்தான் வந்திருக்கிறார் எண்டது எங்களுக்கு மறந்துபோம். அஞ்சு வருசத்தாலை அவர் ஊர்காவற்றுறையிலை போய் நிண்டு அங்கை வெண்டார். 1970 இலை இஞ்சை வந்தவர் ஆனந்தசங்கரி. அவரும் முதலிலை வாத்தியார், பேந்து சட்டம் படிச்சு வக்கீல். அந்தாள் வந்த பாதையைக் கொஞ்சம் கவனியும்: சமசமாஜக் கட்சியிலை நிண்டு தோத்தவர், கரைச்சி கிராம சபையிலை இருந்து பழகினவர், தமிழ்க் காங்கிரசிலை நிண்டு வெண்டவர், 1977 இலை தமிழர் விடுதலைக் கூட்டணியிலை திரும்ப வெண்டவர். நீர் தோக்கவும் இல்லை, கிராம சபை வாசலை மிதிக்கவும் இல்லை, நேரே மாகாணம் எண்டு நிக்கிறீர். சண்டை முடிஞ்ச கையோடை 2010 இலை பாராளுமன்றம் போன சிறீதரன் பள்ளிக்கூட அதிபராய் இருந்தவர். வடக்குக் கிழக்கு ஒண்டாய் இருந்த காலத்து மாகாண சபைக்கே முதல் முதலமைச்சர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலை படிப்பிச்ச வரதராஜப் பெருமாள்தான். 1988 டிசம்பரிலை திருகோணமலையிலை கதிரையிலை இருந்தார், 1990 மார்ச்சிலை தனிநாட்டுத் தீர்மானம் ஒண்டை வைச்சுப்போட்டு இந்தியாவுக்குப் போட்டார். ஒண்டரை வருசமும் வராது. உம்மடை பள்ளிக்கூடத்திலை ஒரு பயிற்சி ஆசிரியர் அதிலும் கூடக் காலம் நிப்பார்.

தெற்கிலையும் இதே கதைதான். இலவசக் கல்வி தந்த கன்னங்கரா ஒரு காலத்திலை வாத்தியார். அந்தச் சட்டம் இல்லாட்டில் நீரும் இல்லை, உம்மடை பட்டமும் இல்லை, என்னோடை சேந்து வரம்பு வெட்டிக்கொண்டிருந்திருப்பீர். 1947 தேர்தலிலை மத்துகமைச் சனம் அவரைத் தோக்கடிச்சு வீட்டை அனுப்பினது. காலி வாத்தியார் தஹநாயக்க 1959 இலை பிரதமராயே வந்தார். அடுத்த மார்ச்சிலை தன்ரை சொந்தத் தொகுதியையே கோட்டை விட்டார். இதையெல்லாம் பயப்பிடுத்தச் சொல்லேல்லை. நீர் படிப்பிச்ச பிள்ளையள் உமக்கு வோட்டுப் போடுவினம் எண்டு ஒரு கணக்கு வைச்சிருக்கிறீராம், அதுக்குத்தான் சொல்லுறன். நாடு முழுக்கப் படிப்பிச்ச மனிசனுக்கே போடாத சனம். உம்மட்டைப் படிச்சதிலை அரைவாசி கணக்கிலை பெயில், மறந்து போகாதையும். அந்த அரைவாசிக்கும் இப்ப பதினெட்டு வயது தாண்டிட்டுது.

இன்னொண்டு. தேர்தல் நாளிலை வாக்குச்சாவடியிலை இருந்து சனத்தின்ரை சின்ன விரலிலை மை பூசினது நீர். அந்தப் பக்கத்து மேசையிலை இருக்கேக்கை தேர்தல் நல்ல ஒழுங்கான விசயமாய்த்தான் தெரியும். இந்தப் பக்கத்தாலை வந்தால் வேறை. பழைய முறையெண்டால் எங்கடை மாவட்டத்துக்கு 4 ஆசனம், ஒரு கட்சி 7 பேரை நிப்பாட்டும். சனத்துக்கு மூண்டு விருப்பு வாக்கு. நீர் நினைப்பீர் எதிர்க்கட்சிக்காரன்தான் எதிரி எண்டு. இல்லை மருமோன். எதிரி உம்மோடை ஒரே நோட்டீசிலை ஒரே சைசிலை சிரிச்சுக்கொண்டு நிக்கிற மற்ற ஆறு பேரும். உம்மடை நம்பர் மேலை மற்றவன்ரை போஸ்டர் ஒட்டுற பொடியன் ஆரெண்டு விடியப் போய்ப் பாரும். உம்மட்டை இலவசமாய் ரியூசன் படிச்சவனாய் இருப்பான்.

சரி, வெண்டிட்டீர் எண்டு வைப்பம். அதுக்குப் பிறகு என்ன எண்டதுக்கு எங்கடை ஊரிலேயே ஒரு பாடம் நடந்து முடிஞ்சிருக்கு.

2013 செப்டெம்பர் 21. சனம் வெய்யிலிலை வரிசையிலை நிண்டு போட்ட வோட்டு. யாழ்ப்பாணத்துக்கு 16 ஆசனம், வவுனியாவுக்கு 6, முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் அஞ்சஞ்சு, எங்களுக்கு 4, மேலதிகமாய் ரெண்டு, எல்லாமாய் 38. அதிலை 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. எங்கடை நாலிலை மூண்டும் அவைக்குத்தான். அந்த மூண்டிலை ஒருத்தர் த. குருகுலராசா, வலயக் கல்விப் பணிப்பாளராய் இருந்தவர். சபையிலை அவர் கல்வி அமைச்சர். விவசாயத்துக்கு ஐங்கரநேசன், யாழ்ப்பாணத்திலை உயர்தரப் பிள்ளையளுக்குத் தாவரவியல் படிப்பிச்சவர். சுகாதாரத்துக்கு டொக்டர் சத்தியலிங்கம். மீன்பிடி, போக்குவரத்துக்கு வக்கீல் டெனீஸ்வரன். எல்லாருக்கும் மேலை முதலமைச்சர் விக்னேஸ்வரன், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர்.

படிச்ச சபை எண்டு நாங்கள் நெஞ்சை நிமித்தினனாங்கள். படிச்ச ஆக்கள் சேந்தால் என்ன நடக்கும்? விசாரணை நடக்கும். அமைச்சர்மாரிலை முறைப்பாடு எண்டு முதலமைச்சர் ஒரு குழுவை வைச்சார். 2017 ஜூனிலை அறிக்கை வந்தது. குழு கல்வி அமைச்சரிலையும் விவசாய அமைச்சரிலையும் குற்றம் கண்டது எண்டு சொல்லி, ரெண்டு பேரையும் பதவி விலகச் சொன்னார். டொக்டரிலையும் வக்கீலிலையும் குற்றம் காட்டப்படேல்லை, ஆனால் முறைப்பாடு குடுத்தவை வரேல்லை, ஆனபடியால் திரும்ப விசாரிக்கும்வரை ஒரு மாசம் லீவிலை நில்லுங்கோ எண்டார். உடனே சொந்தக் கட்சிக்காரரே முதலமைச்சரிலை நம்பிக்கையில்லை எண்டு ஆளுநரிட்டை ஓடினவை. யாழ்ப்பாணத்திலை முதலமைச்சருக்காகக் கடையடைப்பு. முதலிலை ஆர் போனது? வாத்தியார்மார் ரெண்டு பேரும். வக்கீலை அதுக்குப் பிறகுதான் நீக்கினவை. அவர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போய் 2018 இலை இடைக்காலத் தடை எடுத்துக்கொண்டு வந்து நிண்டார். அதோடை சபையிலை ஆர் அமைச்சர், ஆர் அமைச்சரில்லை எண்டதே சிக்கலாய்ப் போய், அந்தச் சிக்கல் அவிழ முதல் ஆயுளே முடிஞ்சுது.

குற்றம் செய்தவையோ இல்லையோ எண்டு தீர்ப்புச் சொல்ல நான் ஆர்? நான் பாத்தது வேறை. நீதியரசர் தீர்ப்புச் சொன்னார், வக்கீல் வழக்குப் போட்டார், வாத்தியார்மார் ராஜினாமா எழுதினவை. ஆபத்திலை ஆளுக்காள் தெரிஞ்ச தொழிலைத்தான் செய்தவை. உமக்கு ராஜினாமாக் கடிதம் மட்டும்தான் எழுதத் தெரியும், மருமோன். கையெழுத்து வடிவாய் இருக்கும், அதை நான் ஒத்துக்கொள்ளுறன்.

தீர்மானமும் எழுதலாம். அஞ்சு வருசத்திலை நானூறுக்கு மேலை தீர்மானம் நிறைவேத்தின சபை அது. அதுக்குள்ளை 2015 பெப்ரவரியிலை வந்த இன அழிப்புத் தீர்மானமும் ஒண்டு. அதை நான் பகிடி பண்ண மாட்டன், முள்ளிவாய்க்கால் மட்டும் நடந்து போன கால் எனக்கு. மிச்சத்தைச் சொல்லுறன். தீர்மானம் எண்டால் "இது செய்ய வேணும்" எண்டு சபை ஆருக்கோ எழுதிப்போடுறது. நியதிச்சட்டம் எண்டால்தான் சபை தானே செய்யிறது, அதுக்கு ஆளுநர் கையெழுத்து வைக்க வேணும். முதலமைச்சர் நிதியம் எண்டு ஒண்டு அமைச்சு, வெளிநாட்டுச் சனம் அனுப்புற காசை நேரே எடுப்பம் எண்டு எழுதிப் பாத்தவை. கையெழுத்து வரேல்லை. சபை தொடங்கேக்கை ஆளுநர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். நீர் வகுப்பிலை "எல்லாரும் எழும்பு" எண்டால் நாப்பது பேர் எழும்புவினம். அங்கை நீர் எழும்பி நிண்டால் ஒரு மனிசன் இருந்தபடி பாத்துக்கொண்டிருப்பார்.

இப்ப தண்ணிக்கு வாறன். இரணைமடுவிலை பிறந்துபோட்டு அரசியல் கதைக்கிறவன் தண்ணியைப் பற்றிக் கதைக்காமல் விட்டால் அவன் கதைக்கிறது அரசியலில்லை.

உமக்குத் தெரியும், கனகராயன் ஆறு வந்து விழுகிற குளம் இது. வெள்ளைக்காரன் காலத்திலை கட்டினது. சண்டை முடிஞ்ச கையோடை ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனிலை ஒரு திட்டம் வந்தது: குளக்கட்டை உயத்தி, கூடத் தேக்கி, குழாய் போட்டு யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணி. யாழ்ப்பாணத்துக் கிணறு பழுதாய்ப் போச்சு, உரமும் மலக்குழியும் இறங்கின தண்ணியைத்தான் அந்தச் சனம் குடிக்குது, அது பொய்யில்லை. இஞ்சை எங்கடை கமக்காரர் எழும்பினவை: காலபோகத்துக்கே சில வருசம் மழை பொய்க்குது, சிறுபோகத்துக்கு எங்களுக்கே பங்கு காணாது, இதுக்குள்ளை குழாயோ எண்டு. ரெண்டு பகுதியும் தமிழர். ரெண்டு பகுதியும் ஒரே கட்சிக்கு வோட்டுப் போட்ட சனம். ரெண்டு பகுதியும் நியாயம் கதைக்குது. அப்ப மாகாண சபையிலை இருந்த எங்கடை ஆள் எந்தப் பக்கம் கதைக்கிறது?

நீர் கணக்கு வாத்தியார். மேலை சொன்ன கணக்கை இப்ப எடும். 16 ஒரு பக்கம், 4 ஒரு பக்கம். கைதடியிலை எழும்பி "இரணைமடுத் தண்ணி கிளிநொச்சிக்கே" எண்டீரெண்டால் கட்சி மேலிடம் உம்மைப் பிரதேசவாதி எண்டும். "தமிழர் எல்லாரும் பகிர்ந்து குடிப்பம்" எண்டு போட்டு ஏ-9 றோட்டாலை வீட்டை வந்தீரெண்டால் பரந்தன் சந்தியிலேயே மறிச்சு நிப்பினம். உந்தக் கேள்விக்கு உம்மடை பாடப்புத்தகத்திலை பின்பக்கம் விடை கிடையாது. அப்ப இருந்தவை என்ன செய்தவை? நிபுணர் குழு வைச்சவை, ஆராய்ஞ்சவை, மாற்றுத் திட்டம் கேட்டவை. கடைசியிலை கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்குவம் எண்டு முடிவாகி, தாளையடியிலை ஆலை கட்டி, 2024 இலைதான் திறந்தவை. பத்து வருசத்துக்கு மேலை. அதைத் திறக்கேக்கை மாகாண சபை செத்து ஆறு வருசம்.

குளக்கட்டு வேலையும் நடந்தது. 34 அடி பிடிச்ச குளம் 36 அடி ஆச்சு. 2018 டிசம்பரிலை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வந்து திறந்தார். அந்த நேரம் கொழும்பிலை ரெண்டு பிரதமர், எது அரசாங்கம் எண்டே தெரியாத காலம். எண்டாலும் கல்லிலை திரை நீக்க ஆள் வந்தது. மாகாண சபைக்காரர் விருந்தாளியாய் வந்திருக்கலாம், அவையின்ரை ஆயுள் ஒக்ரோபரிலேயே முடிஞ்சுது. பேந்து ரெண்டு கிழமையிலை கொட்டின மழையிலை குளம் நிரம்பி, வான்கதவைத் திறக்க, பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ளை வெள்ளம். கதவைப் பிந்தித் திறந்ததோ, முந்தித் திறந்திருந்தால் தப்பியிருக்குமோ எண்டு விசாரணை வைச்சவை. ஆர் வைச்சது? ஆளுநர். பதில் சொல்லச் சொல்லிக் கேட்டது ஆரை? நீர்ப்பாசனத் திணைக்கள இஞ்சினியர்மாரை. கதவும் மாகாணத் திணைக்களத்தின்ரை, வெள்ளமும் மாகாணத்துக்குள்ளை, ஆனால் வோட்டு வாங்கின ஒருத்தன் அந்த நேரம் பதில் சொல்லுற கதிரையிலை இல்லை. உம்மடை தலைவிதி நல்லதெண்டால் நீர் அப்பிடி ஒரு நேரத்திலைதான் உறுப்பினராய் இருப்பீர்: திட்டு முழுக்க உமக்கு, துருசுத் திறப்பு வேறை ஒருத்தரிட்டை.

நம்பிக்கை இல்லாட்டில் சிறுபோகக் கூட்டத்துக்கு ஒருதரம் வாரும். ஒவ்வொரு வருசமும் பங்குனி சித்திரையிலை கச்சேரியிலை வைப்பினம். அரசாங்க அதிபர், இஞ்சினியர், கமநலக்காரர், கமக்காரர் அமைப்புகள். இஞ்சினியர் குளத்திலை எத்தினை அடி நிக்குது, எத்தினை ஏக்கருக்குக் காணும் எண்டு சொல்லுவார். எல்லாருக்கும் காணாது எண்டது ஒருத்தரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். ஆர் விதைக்கிறது, ஆர் விடுகிறது, இடதுகரைக்கு எவ்வளவு, வலதுகரைக்கு எவ்வளவு, போன முறை பங்கு விட்டவனுக்கு இந்த முறை உண்டோ? அங்கை போய் நீர் வகுப்பிலை மாதிரிக் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, "இப்ப எல்லாருக்கும் விளங்குதோ?" எண்டு ஒருக்கால் கேட்டுப் பாரும். விளங்காதவன் அங்கை ஒருத்தனும் இல்லை. எல்லாருக்கும் விளங்குறபடியால்தான் சண்டை. உம்மடை தொழிலிலை விளங்கினவுடனை வேலை முடிஞ்சுது. இதிலை அதுக்குப் பிறகுதான் வேலை தொடங்குது. நான் அந்தக் கூட்டத்திலை நாலு பேரைக் கண்டிருக்கிறன், எட்டாம் வகுப்புத் தாண்டாதவை, ஒரு குரலும் உயத்தாமல், பக்கத்திலை இருந்தவன்ரை தோளிலை கையைப் போட்டு, "இந்தமுறை நீ விடு, அடுத்த முறை நான் விடுறன்" எண்டு அம்பது ஏக்கர் கணக்கைத் தீத்துப்போட்டுப் பீடி பத்தப் போனவை. அவையளைப் பாத்துப் பழகும். உமக்குக் கொப்பி திருத்துற பழக்கம் கிடக்கு. ஆரும் வாயைத் திறந்தால் எழுத்துப்பிழை பாக்கிறீர். போன கிழமை என்ரை கதையிலேயே ரெண்டு இடத்திலை மறிச்சுத் திருத்தினீர். எனக்கு வோட்டு ஒண்டுதான், அது பறவாயில்லை. மாமிக்கும் ஒண்டு கிடக்கு.

ஆசை விடுகுதில்லையெண்டால் ஒரு வழி சொல்லுறன். கரைச்சி பிரதேச சபையிலை தொடங்கும். அங்கை தேர்தலாவது நடக்குது, 2025 மே மாசமும் நடந்தது. குப்பை அள்ளுற உழவு மெசின் ஏன் வரேல்லை, தெருவிளக்கு ஏன் பத்தேல்லை, மதகுக்குள்ளை ஆர் மண்ணைக் கொட்டினது எண்டு விடியக் காலமை அஞ்சு மணிக்கு ஆக்கள் வந்து படலையைத் தட்டுவினம். நீர் சாரத்தோடை எழும்பி வந்து பதில் சொல்ல வேணும். உப்பிடி ரெண்டு வருசம் நித்திரை முழிச்சு, அதுக்குப் பிறகும் அரசியல் ஆசை மிச்சம் கிடந்தால் உம்மை மாகாணத்துக்கு விடலாம். மரணச் சடங்குக்கும் போய்ப் பழகும். நீர் போய் வாசலிலை நிண்டு நேரத்தைப் பாக்கிற ஆள். அரசியல்வாதி பறை முதல் சாம்பல் மட்டும் நிக்க வேணும், கடைசியாய்ச் சுடலையாலை வாற ஆள் அவனாய் இருக்க வேணும்.

வேலையை மட்டும் இப்ப விடாதையும். வன்னிக்கு வாத்தியார் பஞ்சம் இண்டைக்கு நேற்றைக்கு வந்ததில்லை. யாழ்ப்பாணத்திலை இருந்து விடியப்புறம் பஸ்ஸேறி வாறவை, பள்ளிக்கூடம் விட்ட கையோடை திரும்பிப் போறவை, வெளிமாவட்டச் சேவைக் காலம் எப்ப முடியும் எண்டு நாள் எண்ணுறவை. அதுக்குள்ளை இஞ்சை பிறந்து, இஞ்சை படிச்சு, இஞ்சையே கணக்குச் சொல்லிக் குடுக்கிற நீர் ஒருத்தர். உம்மையும் கைதடிக்கு அனுப்பிப்போட்டு நாங்கள் ஆரை வைச்சுப் பிள்ளையளுக்குப் பெருக்கல் பழக்கிறது? அதுதான் என்ரை பெரிய மறியல். மறிக்கேல்லை எண்டு சொன்னன்தான். சொன்னால் என்ன.

சபை வந்து, நீர் நிண்டு, வெண்டு, கல்வி அமைச்சராயும் வந்திட்டீர் எண்டால் எனக்குப் பெரிசாய் ஒண்டும் வேண்டாம். றோட்டும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். உம்மடை மச்சாள், என்ரை சின்னவள், முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறாள். மூண்டு பஸ் மாறிப் போறாள், கைக்குழந்தையோடை. அவளை வட்டக்கச்சிக்கு எடுத்துவிட்டால் காணும். உமக்கு அதிகாரம் இருக்கோ, ஆளுநருக்கோ, மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவுக்கோ எண்டு நீர் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டாம், நான்தான் இவ்வளவு நேரமும் உமக்குச் சொன்னனான். விண்ணப்பத்தை எழுதி, நாலு பிரதி எடுத்து, கிராம அலுவலரின்ரை கையெழுத்தும் வாங்கி வைச்சிருக்கிறன். திகதி மட்டும் போடேல்லை.